படத்தின் பின்பக்கம்

அப்பாவின் உதட்டில் யாரோ சாயம் பூசியிருந்தார்கள். கிளடிஸ் கைப்பையிலிருந்து ரிஷூத் தாளை எடுத்து, எச்சில் தொட்டு, பெட்டிக்குள் குனிந்து அதைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எண்பத்து நான்கு வயதுவரை முகத்துக்குப் பவுடர்கூடப் போடாத மனுசனைக் கலியாண மாப்பிள்ளை ஆக்கி வைத்திருந்தார்கள். மீசைக்கும் கறுப்பு அடித்திருந்தது. உயிர் இருந்திருந்தால் பஸ்ரியன் மாஸ்டர் எழும்பி, இந்த வேலையைச் செய்தவனை மைதானத்தைச் சுற்றிப் பத்துத் தரம் ஓட விட்டிருப்பார்.

"அந்தா! அந்தா என்ர பிள்ளை!"

பின்னால் மரியம்மாவின் குரல் கேட்டுக் கிளடிஸ் நிமிர்ந்தாள். மண்டபத்துச் சுவரில் மாட்டியிருந்த பெரிய ரிவியில் அப்பாவின் படங்கள் ஒவ்வொன்றாக ஓடிக்கொண்டிருந்தன. மகள் ஷரோன் மூன்று நாளாக இருந்து செய்த வேலை. பார்வைக்கு வைத்த நேரம் ஒரு மணியிலிருந்து ஐந்து மணிவரை. ஒரு மணிக்கு முன்பே வந்து ரிவிக்கு நேர் முன்னால் இருந்த கதிரையைப் பிடித்துக்கொண்டவர் மரியம்மா. சென் ஜேம்ஸ் ரவுணில் மகளோடு இருக்கிறார். எழுபத்தெட்டு வயது. கண்ணில் படலம். பெட்டியில் கிடந்தவரைப் பார்க்க வந்தார் என்பதைவிட இந்த ஒரு படத்தைப் பார்க்க வந்தார் என்று சொன்னால் அது பொய்யாகாது.

படத்தில் இரண்டு வரிசையாகப் பெடியள். தொண்ணூற்றுநாலில் கோப்பை வென்ற அன்று எடுத்தது. இரண்டாம் வரிசையின் கடைசியில், பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சிரிக்கிறவன் மரியம்மாவின் ஒரே மகன் பெனடிக். வீடு, அலுமாரி, அல்பம் எல்லாம் இடப்பெயர்வோடு போய்விட்டன. அவன் முகம் மிஞ்சியிருப்பது இந்தப் படத்தில் மட்டும்தான்.

எட்டு விநாடியில் படம் மாறியது. அடுத்து வந்தது படமல்ல, எழுத்து.

மங்கிய நீல மையில் அப்பாவின் நேரான வாத்தியார் எழுத்து. ஒன்றிலிருந்து பதினொன்றுவரை இலக்கம். பெயர், ஒரு மைல் ஓட எடுத்த நேரம், தகப்பன் பெயர் என்று மூன்று நிரல். முதலாம் இலக்கத்துக்கு நேரே ஒரு பெயரைச் சிவப்பு மையால் வெட்டி, மேலே வேறொரு பெயரை எழுதியிருந்தது. எட்டு விநாடி. பிறகு அம்மாவின் கலியாணப் படம் வந்தது.

அந்தப் படத்தின் பின்பக்கத்தை இந்த உலகத்தில் இரண்டு பேர் வாசிக்கக் கூடாது. ஒருவர் ரிவிக்கு முன்னால் இருந்த மரியம்மா. மற்றவன் கிளடிஸின் தம்பி கிளிபோட். பெட்டியில் கிடக்கிற மனுசன் வாய் திறந்து மகளிடம் கேட்டதே அது ஒன்றைத்தான். அதைக்கூட ஒழுங்காகக் காப்பாற்ற முடியவில்லை என்று கிளடிஸுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

வாசலுக்குப் போய் ஷரோனுக்குப் போன் எடுத்தாள்.

"அந்த ரீம் படத்தின்ர பின்பக்கத்தை ஏன் பிள்ளை போட்டனீ?"

"அதுவா? அம்மப்பான்ர ஹாண்ட்ரைற்றிங் அம்மா. சோ நீற். எனக்கு வாசிக்கத் தெரியாது, ஆனா பாக்கிற ஆக்களுக்கு விருப்பமா இருக்கும் எண்டு ஸ்கான் பண்ணினான்."

"அதை எடுக்கோணும். இப்பவே."

"அது ஒரே வீடியோ அம்மா. அங்க உள்ள ஆக்களால நிப்பாட்ட மட்டும்தான் ஏலும். லப்ரொப் என்னட்ட இருக்கு, நான் வந்து மாத்திறன். நாங்கள் ஹைவேயில."

"நாங்கள் எண்டா ஆர்?"

"மாமாவும் வாறார். நான் பார்க்டேலுக்குப் போய் ஏத்தினான். ஹி செட் ஓகே!"

பத்து நாளாகக் கிளடிஸ் கெஞ்சியும் வராத தம்பி. ஆஸ்பத்திரிக்கு வா என்றபோது வரவில்லை, மூச்சு நிற்கப்போகுது வா என்றபோதும் வரவில்லை. ஷரோன் போய்க் கதவைத் தட்டியதும் கோட்டை மாட்டிக்கொண்டு வந்துவிட்டான். வேறு நாளென்றால் கிளடிஸ் மகளைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சியிருப்பாள். இன்று "கெதியா வா, ஆனா மெதுவா ஓடு" என்று முன்னுக்குப் பின் முரணாகச் சொல்லிப் போனை வைத்தாள்.

நிப்பாட்டுவது சுலபம். மண்டபத்தில் வேலை செய்கிற, கோட் போட்ட வெள்ளைக்காரப் பெடியனிடம் ஒரு சொல் சொன்னால் போதும். அவனைத் தேடிக்கொண்டு திரும்பியபோது மரியம்மா கையைப் பிடித்துவிட்டார்.

"பிள்ளை, திரும்ப வர எவ்வளவு நேரம் எடுக்கும்?"

"என்ன அன்ரி?"

"பெனடிக். ஒருக்கா வந்தா ஏழு நிமிசத்துக்குப் பிறகுதான் திரும்ப வாறான். நான் பாத்துக்கொண்டிருக்கிறன். எழுத்து, கிழுத்து ஒண்டும் எனக்குத் தெரியாது. முகம் தெரியுது. பெரிசாத் தெரியுது பிள்ளை. உயிரோட இருக்கேக்க நான் அவன்ர முகத்தை இவ்வளவு பெரிசா எங்க பாத்தனான்?"

கிளடிஸ் அந்தப் பெடியனைத் தேடுவதை விட்டுவிட்டாள்.

பஸ்ரியன் மாஸ்டர் இயக்கத்தில் சேர்ந்தவரல்லர். சேராமலே ஐந்து வருடம் அவர்களோடு இருந்தார். கடற்கரையோரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் விளையாட்டு வாத்தியாராக இருந்தவரின் பெடியள் போன இடமெல்லாம் கோப்பை தூக்கிக்கொண்டு வந்தார்கள். பட்டினம் இயக்கத்தின் கைக்கு வந்த வருடம் இரண்டு பேர் மோட்டார் சைக்கிளில் வீட்டு வாசலுக்கு வந்தார்கள். "மாஸ்டர், எங்களுக்கும் ஒரு ரீம் வேணும்" என்றார்கள். கேள்வி மாதிரித்தான் இருந்தது. மாட்டேன் என்று சொல்லலாமென்று அந்த வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. உண்மையைச் சொன்னால் அப்பாவுக்கு உள்ளூரச் சந்தோசமும்தான். ஒரு பந்து வாங்க அதிபரிடம் ஒரு வருடம் கெஞ்சியவருக்கு, கையை உயர்த்தினால் முப்பது பெடியள் ஓடுகிற மைதானம் கிடைத்தது.

அவருக்கு மூன்று சட்டங்கள் இருந்தன. துவக்கு வேலிக்கு வெளியே இருக்க வேண்டும். மைதானத்தில் இயக்கப் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது, தாய் வைத்த பெயர் மட்டும்தான். கழுத்தில் தொங்குகிற சயனைட் குப்பியைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் பந்தைத் தொடலாம். குப்பிகளைப் போட ஒரு பால்மா ரின். அதை வைத்திருக்கிற வேலை கிளடிஸுக்கு. அவளுக்கு அப்போது இருபது, இருபத்தொரு வயது. விளையாட்டு முடிந்ததும் வியர்வையோடு வந்து ஒவ்வொருவனும் தன்னுடையதைத் தேடி எடுத்து மாட்டிக்கொள்வான். எல்லாம் ஒரே மாதிரித்தான் இருக்கும். ஆனாலும் அவரவர் குப்பி அவரவருக்குத் தெரியும்.

பந்துக்கு பிளாடர் இல்லை, சைக்கிள் ரியூப்பை வெட்டி ஒட்டினார்கள். கோடு போடச் சுண்ணாம்பு இல்லை, அடுப்புச் சாம்பலால் போட்டார்கள். பொம்மர் வந்தால் இருபத்திரண்டு பேரும் குப்புறப் படுப்பார்கள். அப்பாவும் படுப்பார், படுத்தபடி மணிக்கூட்டை நிறுத்துவார். பொம்மர் போனபிறகு பந்து எங்கே கிடந்ததோ அங்கிருந்தே ஆட்டம் தொடங்க வேண்டும். ஒருநாள் பதினெட்டு நிமிடம் மேலதிகமாக விளையாட விட்டார். அது பொம்மர் தின்ற நேரமாம். வேலிக்கு வெளியே நின்ற பொறுப்பாளருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

உதைபந்தாட்ட மச்சுக்கு முதல்நாள் பின்னேரம் பெயர் வாசிப்பு. பெடியள் கையைப் பின்னுக்குக் கட்டி, காலை அகட்டி, நேரே பார்த்தபடி வரிசையில் நிற்க வேண்டும். பெயர் கேட்டவன் ஓரடி முன்னுக்கு வருவான். கேட்காதவன் அசையக் கூடாது. மாஸ்டர் பெயர் எழுதிய தாள் துண்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்து, சைக்கிளை எடுத்துக்கொண்டு மைதானத்தைவிட்டுப் போகும்வரை அப்படியே நிற்க வேண்டும். தோற்கப் பழகுவதும் பயிற்சிதான் என்பார்.

தொண்ணூற்றைந்து பங்குனியில் அப்படி ஒரு பெயர் வாசிப்பில்தான் அவர் தன் மகனை விலத்தினார். பத்தொன்பது வயது கிளிபோட் அந்த ரீமின் லெப்ட் அவுட். அவன் ஓடினால் பின்னால் புழுதிதான் தெரியும். அன்று பதினொரு பெயரில் அவன் பெயர் வரவில்லை. எப்போதும் வெளியில் நின்று பந்து பொறுக்குகிற, நாலு சுற்று ஓடினால் மூச்சு இழுக்கிற பெனடிக்கின் பெயர் வந்தது. கிளிபோட் "ஏன் மாஸ்டர்?" என்று கேட்டுவிட்டான். மைதானத்தில் அவனும் மாஸ்டர் என்றுதான் கூப்பிட வேண்டும்.

"உனக்கு விளையாட வராது. இனி இஞ்ச வராதை."

முப்பது பேருக்கு முன்னால் சொன்னார். சொன்ன கையோடு முழங்கால் பழுது என்று டொக்டரிடம் ஒரு துண்டு வாங்கி, அதைக் காட்டி இயக்கத்திடம் வெளியேறப் பாஸ் எடுத்து, மகனைக் கொழும்புக்கு அனுப்பினார். கிளிபோட் கொழும்பில் ஒரு லொட்ஜில் இருந்தபோது இயக்கம் அனுப்பிய தாக்குதலுக்காக அந்தப் பதினொரு பேரும் கடலுக்குப் போனார்கள். ஒருவனும் திரும்பி வரவில்லை. கரைக்கு ஒரு உடல்கூட வரவில்லை.

அதற்குப் பிறகு அப்பா பந்தைக் காலால் தொட்டதில்லை. கிளடிஸ் அவரைக் கனடாவுக்குக் கூப்பிட்டு இருபத்துநாலு வருடம். மில்லிக்கனில் வீட்டுக்குப் பின்னாலேயே மைதானம் இருந்தது. அந்தப் பக்கத்து ஜன்னலின் திரையை அவர் ஒருநாளும் விலக்கவில்லை. கிளிபோட் அதற்கு முன்பே வந்து பார்க்டேலில் ஒரு பழைய அப்பார்ட்மென்றில் தங்கியவன். இன்றும் அதே இடம். ஒரு சாப்பாட்டுக்கடைக் குசினியில் வேலை. கலியாணம் கட்டவில்லை. அப்பாவோடு முகம் பார்த்துக் கதைக்கவில்லை. அம்மா செத்தபோதும் வாசலில் நின்றுவிட்டுப் போனான்.

"அவங்களோட நானும் போயிருப்பன். இல்லாட்டி எனக்கு உண்மையா விளையாட வராதெண்டாச் சரி, விட்டிருப்பன். எது எண்டு இண்டைக்கும் எனக்குத் தெரியாது அக்கா" என்று ஒரேயொரு முறை அவளிடம் சொல்லியிருக்கிறான். "பெனடிக்கைவிடவும் நான் மோசமோ?"

முப்பது வருடமாக அவன் கேட்ட கேள்வி அதுதான். அவளிடம் பதில் இருக்கவில்லை, போன மாதம்வரை.

போன மாதம் ஒரு மத்தியானம், ஆஸ்பத்திரியில் மூக்கில் ஒட்சிசன் குழாயோடு அப்பா அந்தப் படத்தைக் கேட்டார். வீட்டிலிருந்து கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் அதைத் திருப்பி, பின்பக்கத்தை அவளிடம் காட்டினார். அந்த நாளில் கொப்பித்தாள் தங்கம் மாதிரி. முதலில் படத்துக்குப் பின்னால் எழுதிப் பார்த்துவிட்டுத்தான் நல்ல தாளில் எழுதிக் கொடுப்பாராம்.

"மூச்சுப் பிடிக்கிற பதினொரு பேரைத் தாங்கோ எண்டாங்கள். மச்சுக்கெண்டு நினைச்சு எழுதினன். எழுதின பிறகு, நீந்துவாங்களோ எண்டு கேட்டாங்கள்." ஒவ்வொரு வசனத்துக்கும் நடுவில் அவர் காற்றுக்காகக் காத்திருந்தார். "அப்ப விளங்கிற்றுது."

"நீங்கள் ஏலாது எண்டு சொல்லியிருக்கலாமே அப்பா."

"சொல்லேல்லை." கண்ணை மூடிக்கொண்டார். "ஒரு பேரை வெட்டினன். வெட்டினா அந்த இடத்தை நிரப்போணும். ஆரைப் போடுறது? மற்ற எல்லாருக்கும் தகப்பன் இருந்தான். நாளைக்கு வந்து என்ர முகத்தைப் பாத்துக் கேப்பான். அவன் ஒருத்தனுக்குத்தான் இல்லை."

சிவப்பு மையில் பெனடிக் என்று எழுதி, தகப்பன் பெயர் வரவேண்டிய இடத்தில் "இல்லை" என்று எழுதியிருந்தது. கிளடிஸ் அப்பாவை வெறுக்க முயன்றாள். அவர் கை குளிர்ந்து கிடந்தது. அதைப் போர்வைக்குள் எடுத்து வைத்தாள். அந்த நேரத்தில் அவளுக்கு அவ்வளவுதான் முடிந்தது.

"தம்பிக்குச் சொல்லட்டோ? அவன் எவ்வளவு காலமா..."

"வேண்டாம்! அவன் என்னைத் திட்டிக்கொண்டு இருக்கட்டும். அது அவனுக்கு லேசு. இது தெரிஞ்சா பெனடிக்கை அவன் எல்லோ சுமக்கோணும்." பிறகு, "மரியம்மாவுக்கும் வேண்டாம்" என்றார். அதற்குக் காரணம் சொல்லவில்லை.

அப்பா போன மறுநாளே மரியம்மா போன் எடுத்து, அந்தப் படத்தை எல்லாரும் பார்க்கிற மாதிரிப் போடச் சொல்லிக் கேட்டார். இல்லை என்று எப்படிச் சொல்வது? செத்தவீட்டு அலைச்சலில் கிளடிஸ் படத்தை எடுத்து மகளிடம் கொடுத்தாள். தமிழ் வாசிக்கத் தெரியாத பிள்ளைதானே என்று பின்பக்கத்தைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. வாசிக்கத் தெரிந்திருந்தால் அவள் அதைப் போட்டிருக்க மாட்டாள் என்பது இப்போதுதான் உறைத்தது.

"தங்கச்சி!"

விளையாட்டுக் கழகத் தலைவர் ஸ்ரீஸ்கந்தராசா கழகக் கொடியை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு வந்தார். ஒவ்வொரு வருடமும் கோடைப் போட்டிக்கு அப்பாவைப் பிரதம விருந்தினராகக் கூப்பிட்டு, ஒவ்வொரு வருடமும் இல்லையென்ற பதிலை வாங்கிக்கொண்டு போகிறவர். நல்ல மனுசன். மைக் கிடைத்தால் மட்டும் விடமாட்டார்.

"அந்த லிஸ்ரைப் பாத்தன் தங்கச்சி. எனக்கு மயிர் கூச்செறிஞ்சு போச்சு. உது வரலாற்று ஆவணமெல்லோ! போனில படமும் எடுத்திட்டன். மாஸ்டரைப் பற்றி நான் ரெண்டு வார்த்தை கதைக்கேக்க அந்தப் பதினொரு பேரையும் வாசிக்கப் போறன். மரியம்மா அக்காவும் இருக்கிறா, அவவின்ர மனத்துக்கும் ஆறுதலா இருக்கும்."

"வேண்டாம் அண்ணை."

"ஏன்? வெட்டித் திருத்தியிருக்கிறார், பாத்தனீங்களோ? எவ்வளவு யோசிச்சு எடுத்திருக்கிறார்..."

"வேண்டாம் எண்டு சொல்லுறன் அண்ணை." தன் குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. பக்கத்தில் நின்ற இரண்டு பேர் திரும்பினார்கள். "அப்பாவுக்குப் பேச்சு விருப்பமில்லை. கொடியும் போடவேண்டாம். அந்தப் படத்தையும் அழியுங்கோ. என்ர கண் முன்னால அழியுங்கோ."

அவர் முகம் சிறுத்துப் போயிற்று. போனை எடுத்து, மூக்குக்கண்ணாடியை உயர்த்தி, விரலால் தேடி அழித்துக் காட்டினார். கொடியைக் கோட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டு போய்க் கடைசி வரிசையில் இருந்தார். பாவமாகத்தான் இருந்தது. பிறகு மன்னிப்புக் கேட்கலாம் என்று நினைத்துக்கொண்டாள்.

எழுத்து இன்னும் மூன்று தரம் வந்து போயிற்று. ஒவ்வொரு தரமும் கிளடிஸ் ரிவிக்கும் கதிரைகளுக்கும் நடுவில், பூவளையத்தைச் சரிசெய்கிற மாதிரிப் போய் நின்று எட்டு விநாடியை மறைத்தாள். ஐம்பது வயதில் நல்ல டிஃபென்ஸ் என்று அப்பா சொல்லியிருப்பார். நினைத்தவுடன் அழுகை வந்தது. இவ்வளவு நேரமும் வராத அழுகை. அதைத் துடைக்கவும் அவளிடம் சாயம் பிரண்ட அந்த ரிஷூதான் இருந்தது.

மூன்றரை மணிபோல ஷரோன் வந்தாள். தோளில் லப்ரொப் பை. அவளுக்குப் பின்னால், பனி ஒட்டிய சப்பாத்தோடு, யாருக்கோ தைத்த மாதிரியான கறுப்புக் கோட்டில் கிளிபோட். தலை முழுக்க நரைத்திருந்தது. வாசலில் நின்றுவிட்டுப் போய்விடுவானோ என்று பயந்தாள். உள்ளே வந்தான்.

அவள் ஓடிப்போய் அவன் கையைப் பிடித்தாள். "வா, முதல் ஒரு தேத்தண்ணி குடி. பின்னுக்கு அறையில இருக்கு."

"வேண்டாம் அக்கா." அவன் பெட்டி இருந்த பக்கம் பார்க்கவில்லை. "ஒரு இடத்தில இருக்கிறன், விடு."

"ஷரோன், நீ போ. அந்த வேலையைச் செய். ஓடு!"

ஷரோன் வெள்ளைக்காரப் பெடியனோடு அலுவலகத்துக்குள் போனாள். பேகரிக்காரன் றோல்ஸ் பெட்டிகளைக் கொண்டுவந்து வாசலில் நின்று கையெழுத்துக் கேட்டான். பேனை எழுதவில்லை. அவன் வேறொன்றைத் தேடிக் கொடுத்தான். அவள் கையெழுத்துப் போட்டுத் திரும்பியபோது கிளிபோட் மரியம்மாவின் கதிரைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தான். திரையில் ரீம் படம். முன்வரிசை நடுவில் இருந்த தன் பதினெட்டு வயதை அவன் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆரது பின்னால? கிளிபோட்டே?"

"ஓம் அன்ரி."

"உன்ர மணம் தெரியுது ராசா. அந்தக் காலத்தில ரெண்டு பேரும் வேர்த்து வடிஞ்சு வந்து என்ர பானையில தண்ணி அள்ளிக் குடிக்கிறனியள்." மரியம்மா கையைப் பின்னால் நீட்டினார். அவன் பிடித்துக்கொண்டான். "உது முடிய ஏதோ எழுத்து வருது. கொக்கா வந்து வந்து மறைக்கிறா. எனக்கெண்டா வெள்ளையாத்தான் தெரியுது. என்னெண்டு வாசிச்சுச் சொல்லு ராசா."

திரை மாறியது. கிளடிஸ் பதினைந்து அடி தூரத்தில் நின்றாள். ஓடினாலும் எட்டாது. சத்தம் போட்டால் எல்லாருமே திரும்பி அதைத்தான் பார்ப்பார்கள். தம்பியின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவன் கண் முதலாம் இலக்கத்தில் நின்றது. வெட்டுண்ட தன் பெயருக்கு நேரே 4.58 என்றிருந்தது. பதினொரு பேரில் ஐந்து நிமிடத்துக்குள் ஒரு மைல் ஓடியவன் அவன் ஒருவன்தான். பிறகு கண் மேலே போயிற்று, சிவப்பு மைக்கு. அங்கிருந்து மூன்றாம் நிரலுக்கு. "இல்லை." அந்த ஒரு சொல்லை அவன் பல தரம் வாசித்திருக்க வேண்டும், கண் அங்கிருந்து அசையவில்லை. முப்பது வருடமாகத் தேடிய பதில் எட்டு விநாடியில் அவனுக்குக் கிடைத்தது. கிடைத்த முகமாக அது இல்லை. அடிவயிற்றில் பந்து பட்டவன் மூச்சுக்குத் தவிக்கிற முகம்.

அம்மாவின் கலியாணப் படம் வந்தது.

"என்ன ராசா?"

"ரீம் லிஸ்ற் அன்ரி. மாஸ்டர் எழுதினது. அண்டைக்குப் போன பதினொரு பேர்."

"என்ர பிள்ளை?"

"அவன்தான் முதலாவது. ஒண்டாம் நம்பருக்கு நேர அவன்ர பேர்."

"முதலாவதோ?"

"ஓம் அன்ரி."

மரியம்மா கண்ணை மூடித் திறந்தார். "மற்றப் பிள்ளையளின்ர பேர்?"

திரையில் ஷரோனின் நாலாம் பிறந்தநாள் கேக் வெட்டு நடந்துகொண்டிருந்தது. கிளிபோட்டுக்குத் திரை தேவைப்படவில்லை. "சூசைதாசன். ராகுலன். அருள்நேசன்..." ஒவ்வொன்றாக, ஒழுங்கு மாறாமல், பத்துப் பெயரையும் சொன்னான். தாய்மார் வைத்த பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் மரியம்மா தலையசைத்தார்.

"மூச்சு இழுக்கிற பிள்ளையெண்டு எல்லாரும் பகிடி பண்ணினவை. கொப்பருக்குத்தான் அவன்ர கெட்டித்தனம் தெரிஞ்சிருக்கு." கையுறையால் மூக்கைத் துடைத்தார். பிறகு ஏதோ நினைவு வந்தவராக அவன் பக்கம் முகத்தைத் திருப்பினார். "உன்ர பேர் இல்லையோ ராசா? நீயும் நல்லா ஓடுவியே."

கிளடிஸ் இதற்குள் பக்கத்தில் வந்திருந்தாள். தம்பி அவளை நிமிர்ந்து பார்த்தான். அவளுக்குத் தெரியும் என்பது அந்தப் பார்வையில் அவனுக்கு விளங்கிவிட்டது. கோபப்படுவான் என்று நினைத்தாள். அவன் மரியம்மாவின் கதிரைக்குப் பக்கத்தில் முழங்காலில் இருந்தான்.

"இல்லை அன்ரி. எனக்கு அவ்வளவா வராது. என்னைவிட அவன்தான் திறம்."

"சீ, அப்பிடிச் சொல்லாதை" என்று மரியம்மா அவன் நரைத்த தலையைத் தடவினார். தடவின கையில் ஒரு பெருமை இருந்தது. அதை மறைக்க அவருக்குத் தெரியவில்லை.

ரிவி ஒருமுறை அணைந்து மறுபடி தெளிந்தது. அலுவலக வாசலில் ஷரோன் பெருவிரலை உயர்த்திக் காட்டினாள். அதற்குப் பிறகு ரீம் படம் முடிந்ததும் நேரே அம்மாவின் கலியாணப் படம்தான் வந்தது.

நாலரைக்குச் செபமாலை சொன்னார்கள். கடைசி அருள்நிறை மரியேயோடு ஆட்கள் எழும்பி, வரிசையாக வந்து, பெட்டிக்குள் குனிந்து நெற்றியைத் தொட்டுவிட்டுப் போனார்கள். ஸ்ரீஸ்கந்தராசா வந்து கும்பிட்டார். கிளடிஸ் அவர் கையை ஒருமுறை அழுத்திப் பிடித்தாள். மரியம்மாவைப் பேரன் வந்து கூட்டிக்கொண்டு போனான். போகும்போது ரிவியைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனார்.

அப்போதுதான் கிளிபோட் பெட்டிக்குக் கிட்டப் போனான். தொடவில்லை, குனியவில்லை, அழவுமில்லை. ஐந்தடி தள்ளி நின்றான்.

ஐந்து மணி அடித்தது. வெள்ளைக்காரப் பெடியன் வந்து நேரமாகிவிட்டது என்று மெல்லச் சொன்னான். கிளடிஸ் இன்னும் கொஞ்சம் பொறுக்கச் சொல்லி அவனுக்குச் சைகை காட்டினாள். பின்வரிசையிலிருந்து கதிரைகளை மடித்து அடுக்கத் தொடங்கினார்கள். ரிவியை அணைத்தார்கள். ஷரோன் கோட்டைப் போட்டுக்கொண்டு, "அம்மா, மாமா வரேல்லையா?" என்று கேட்டாள்.

கையைப் பின்னுக்குக் கட்டி, காலை அகட்டி, நேரே பார்த்தபடி அவன் நின்றுகொண்டிருந்தான்.